மோன்லுக் சிறையில் நான் கேட்ட கேள்வி

(ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை ஓரளவே திருத்தப்பட்டுள்ளது.)



என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். காலனிய காலத்து மதராஸ் மாகாணத்தின் சிறைக் கையேடுகள்தான் என் ஆய்வுப் பொருள். கைதிக்கு எவ்வளவு அரிசி, யார் சமைப்பது, யார் கக்கூஸ் கழுவுவது என்று பக்கம் பக்கமாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் படித்துக் காட்டினால் நீங்கள் மறுபடி என்னைக் கூப்பிட மாட்டீர்கள். அதனால் அந்த ஆய்வின் சாக்கில் போன ஒரு பயணத்தில் நான் பார்த்த ஒரு சிறையைப் பற்றிப் பேசுகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டேன். அங்கே நான் ஒரு தவறு செய்தேன். பல மாதங்களாக அது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

ஊர் லியோன். பிரான்சின் பெரிய நகரங்களில் ஒன்று. ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். அங்கே அறிமுகமான ஒரு தோழி, அவரும் ஆய்வு மாணவிதான், அல்ஜீரியாவிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், ஆனால் லியோனிலேயே பிறந்து வளர்ந்தவர். “நீ சிறைகளைப் படிக்கிறாய் அல்லவா, எங்கள் ஊர்ச் சிறையையும் பார்” என்று அழைத்துப் போனார். பார்தியூ என்ற பெரிய ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சுற்றிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். நடுவில் உயரமான ஒரு கல்சுவர். மோன்லுக் சிறை. இப்போது தேசிய நினைவகம்.

இதன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1921இல் ராணுவச் சிறையாகக் கட்டினார்கள். 1940இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றது. அதன்பின் விஷி அரசு, அதாவது ஹிட்லரோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசு, தனக்குப் பிடிக்காதவர்களை இங்கே அடைத்தது. 1943 தொடக்கத்தில் ஜெர்மானியர்கள் சிறையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அப்போதிலிருந்து 1944 ஆகஸ்ட் 24 அன்று கதவு திறக்கும்வரை, ஒன்றரை வருடத்தில், கிட்டத்தட்ட 10,000 ஆண்கள், பெண்கள், குழந்தைகள் இதற்குள் இருந்திருக்கிறார்கள். லியோனில் கெஸ்டபோ பிரிவை நடத்தியவன் கிளாவ்ஸ் பார்பி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வருவான்.

உள்ளே நுழைந்தால் மூன்று அடுக்கு அறைகள், நடுவில் இரும்பு நடைபாதை. ஒவ்வோர் அறையும் ஒரு கட்டில் போட்டு ஓர் ஆள் நிற்கும் அளவுதான். அதில் ஏழெட்டுப் பேரை அடைத்திருக்கிறார்கள். இப்போது அறைக்கு ஒருவராக, அங்கே இருந்தவர்களின் புகைப்படமும் வாழ்க்கைக் குறிப்பும் வைத்திருக்கிறார்கள். ஒரு கதவைத் தாண்டினால் ழான் முலான். எதிர்ப்பு இயக்கங்களையெல்லாம் ஒருங்கிணைத்தவர். 1943 ஜூன் 21 அன்று லியோனுக்குப் பக்கத்தில் கலுயிர் என்ற இடத்தில் பிடிபட்டார். பார்பியின் சித்திரவதைக்குப் பிறகு ஜெர்மனிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்துபோனார். இன்னொரு கதவில் மார்க் ப்ளோக். வரலாறு படிக்கும் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும், ‘அன்னால்’ ஆய்விதழைத் தொடங்கிய இருவரில் ஒருவர். யூதர். ஐம்பது வயதைத் தாண்டி, பேராசிரியர் வேலையும் போன பிறகு தலைமறைவு இயக்கத்தில் சேர்ந்தவர். நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கிப் பத்தாவது நாள், 1944 ஜூன் 16, அவரையும் இன்னும் பலரையும் இங்கிருந்து கூட்டிப்போய் ஒரு வயல்வெளியில் சுட்டார்கள். அவருக்கு 57 வயது.

சினிமா பார்க்கிற தோழர்களுக்கு இந்தச் சிறை ஏற்கனவே பழக்கமாக இருக்கலாம். ரொபேர் ப்ரெஸ்ஸோன் 1956இல் எடுத்த, சிறையிலிருந்து தப்பிக்கும் ஒருவனைப் பற்றிய படம் ஆந்த்ரே தெவிஞியின் நிஜக் கதை. 1943 ஆகஸ்டில் அவர் தப்பியது இங்கிருந்துதான். படம் எடுத்ததும் இங்கேதான்.

அந்தச் சிறையில் எனக்கு மறக்காத விஷயம் ஒரு சொல். காலையில் காவலர்கள் வந்து பெயர்களை வாசிப்பார்களாம். பெயருக்குப் பிறகு “மூட்டையோடு” என்றால் வேறு சிறைக்கோ முகாமுக்கோ அனுப்புகிறார்கள் என்று அர்த்தம். “மூட்டையில்லாமல்” என்றால் சுடப்போகிறார்கள். பெட்டி, துணி, சீப்பு எதுவும் இனித் தேவைப்படாது. வழிகாட்டி இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். எனக்கு நகர முடியவில்லை. கையேடு படிக்கிறவனுக்கு அதிகாரத்தின் மொழி எப்படி வேலை செய்யும் என்பது கொஞ்சம் தெரியும். கொல்வதைக் கொலை என்று எந்தக் கையேடும் எழுதாது. மூட்டை வேண்டாம் என்றுதான் எழுதும்.

சிறைக்குள்ளும் பிரிவு இருந்தது. எதிர்ப்பு இயக்கத்தவர் இந்த அறைகளில். பெண்கள் தனியாக. யூத ஆண்களை முற்றத்தில் ஒரு மரக்கொட்டகையில் அடைத்தார்கள். “யூதர் கொட்டகை” என்றே அதற்குப் பெயர். அந்தக் கொட்டகை இன்று இல்லை. 1944 ஆகஸ்ட் நடுவில் நேச நாட்டு விமானங்கள் லியோனுக்கு வெளியே ப்ரோன் விமானதளத்தில் குண்டு போட்டன. ஓடுதளத்தில் பள்ளங்கள், வெடிக்காத குண்டுகள். அவற்றைத் தோண்டி எடுக்க ஆள் வேண்டும். ஜெர்மானியர்கள் முதலில் யாரைக் கூப்பிட்டார்கள்? அந்தக் கொட்டகைக்குத்தான் வந்தார்கள். வேலை முடிந்ததும் அதே பள்ளங்களின் ஓரத்தில் வைத்துச் சுட்டுப் புதைத்தார்கள். சில நாட்களில் அப்படிக் கொல்லப்பட்டவர்கள் 109 பேர். அதில் 72 பேர் யூதர்கள். உயிர்போகிற வேலைக்கு முதலில் எந்த வாசலுக்கு வருவார்கள் என்பதை இந்த அரங்கத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சிறைக்குள் பிரிப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். ‘அது நாஜிகள் செய்தது’ என்று நாம் வசதியாக உட்கார்ந்துவிட முடியாது. 2024 அக்டோபர் 3 அன்று நம் உச்ச நீதிமன்றம், பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா போட்ட வழக்கில், பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சாதி பார்த்து வேலை கொடுக்கும் விதிகளை ரத்து செய்தது. சிறைப் பதிவேட்டில் சாதிக்கான கட்டத்தையே எடுக்கச் சொன்னது. விடுதலைக்குப் பிறகு எழுபத்தேழு வருடம் அந்தக் கட்டம் இருந்திருக்கிறது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்தது பற்றியும் அந்தத் தீர்ப்பில் பேச்சு வருகிறது. நான் படிக்கும் பழைய கையேடுகளுக்கும் அந்தத் தீர்ப்புக்கும் நடுவில் ஒரே நேர்கோடு போகிறது. இது போதும். மோன்லுக்குத் திரும்புகிறேன்.

இஸியூ குழந்தைகளுக்கு வருகிறேன்.

இஸியூ என்பது லியோனுக்குக் கிழக்கே மலைப்பாங்கான ஒரு சின்னக் கிராமம். சபீன் ஸ்லாத்தின், அவர் கணவர் மிரோன் ஸ்லாத்தின் இருவரும் 1943இல் அங்கே ஒரு வீட்டில் யூதக் குழந்தைகளை மறைத்து வைத்து வளர்த்தார்கள். பல பேருடைய அப்பா அம்மாவை ஏற்கனவே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். 1944 ஏப்ரல் 6 காலை, பிள்ளைகள் சாப்பிட உட்காரும் நேரம், பார்பியின் ஆட்கள் லாரிகளில் வந்தார்கள். 44 குழந்தைகள், 7 பெரியவர்கள். குழந்தைகளுக்கு நாலு வயது முதல் பதினேழு வயது வரை. அன்றைக்கு இரவு அவர்களை வைத்திருந்தது மோன்லுக்கில். ஒரே ஓர் இரவு. மறுநாள் பாரிசுக்குப் பக்கத்தில் த்ரான்சி முகாம், அங்கிருந்து அவுஷ்விட்ஸ். 42 குழந்தைகள் அங்கே விஷவாயுவில் கொல்லப்பட்டார்கள். வயதில் மூத்த இரண்டு பையன்களையும் மிரோனையும் எஸ்தோனியாவில் சுட்டார்கள். பிடிபட்ட அத்தனை பேரிலும் திரும்பி வந்தவர் ஒருவர், லேயா ஃபெல்ட்ப்ளூம் என்ற இளம்பெண். அவரிடம் வேறு பெயரில் போலிக் காகிதம் இருந்தது. அதை வைத்துத் தப்பியிருக்கலாம். பிள்ளைகளோடு போவதற்காகத் தன் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டார்.

44 என்ற எண்ணைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. எனக்கும் வந்தது. அங்கே நினைவுத்தூணில் இருக்கிற 44 பெயர்கள். ராமையாவின் குடிசை. கொளுத்திய மிராசுதார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்காக இரண்டையும் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்க நான் வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் நின்றபோது என் மண்டைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொன்னால்தான் நான் செய்ததைச் சொல்ல முடியும். எனக்குக் கோபம் வந்தது. இவர்களுக்கு நினைவகம் இருக்கிறது, வழிகாட்டி இருக்கிறார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள், கொன்றவனை நாற்பது வருடம் கழித்தும் பிடித்து வந்து கூண்டில் நிறுத்தினார்கள். மற்றவர்களுக்கு?

நாங்கள் போன அன்றும் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்திருந்தது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள். குழந்தைகளின் பெயரை வழிகாட்டி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். “இதே சிறையில் பிரெஞ்சு அரசு தலையை வெட்டிக் கொன்ற அல்ஜீரியர்களுக்கு எந்த அறை ஒதுக்கியிருக்கிறீர்கள்?” என்று கேட்டேன்.

கேள்வி உண்மையானது. 1954 முதல் 1962 வரை அல்ஜீரிய விடுதலைப் போர். லியோனில் வேலை செய்த அல்ஜீரியத் தொழிலாளர்கள் பலர் விடுதலை இயக்கத்தில் இருந்தார்கள். பிடிபட்டவர்களை லியோன் ராணுவத் தீர்ப்பாயம் விசாரித்தது, மோன்லுக்கில் அடைத்தது. 1959க்கும் 1961க்கும் இடையில் பதினொரு பேரை இந்தச் சிறை முற்றத்திலேயே கில்லட்டினில் வைத்துக் கொன்றார்கள். ஜெர்மானியர் போய்ப் பதினைந்து வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அப்போது நாட்டின் அதிபர் தெ கோல். இந்த அறைகளில் கிடந்து செத்தவர்கள் யாருடைய தலைமையை நம்பிச் செத்தார்களோ, அதே தெ கோல். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1945 மே 8 அன்று பிரான்ஸ் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, அல்ஜீரியாவில் செத்தீஃப் நகரத்தில் விடுதலைக் கொடி தூக்கியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு தொடங்கியிருந்தது. அடுத்த வாரங்களில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

போர் முடிந்த பிறகும் மோன்லுக் சிறையாகவே ஓடியது. கடைசியாகப் பெண்கள் சிறை. 2009இல் அதையும் மூடி, 2010இல் நினைவகமாகத் திறந்தார்கள். நடத்துவது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள அமைப்பு. அது தன் மையக் கதையாக எடுத்துக்கொண்டது ஜெர்மானியர் காலத்தை. கிட்டத்தட்ட தொண்ணூறு வருடம் சிறையாக இருந்த கட்டடத்தில் ஒன்றரை வருடம். மார்க் ஆந்த்ரே என்ற வரலாற்றாசிரியர் 1944க்குப் பிறகான மோன்லுக்கைப் பற்றியே 2022இல் ஒரு தடித்த புத்தகம் எழுதியிருக்கிறார். அதனால் என் கேள்வி என்னுடைய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை.

வழிகாட்டி கோபப்படவில்லை. “அதை முற்றத்துக்குப் போனதும் சொல்வேன்” என்றார். பெயர்ப் பட்டியலுக்குத் திரும்பினார். ஆனால் எந்தப் பெயரில் விட்டார் என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி மேலிருந்து தொடங்கினார். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முற்றத்துக்கு வந்தபோது, சொன்னபடியே, அல்ஜீரியர்களைப் பற்றிச் சொன்னார். அவசரமில்லாமல், தெளிவாக. அந்தப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர், முகத்தைப் பார்த்தால் வட ஆப்பிரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று தோன்றியது, முன்னால் நகர்ந்து வந்து கேட்டார்கள். நான் குறுக்கே விழாவிட்டாலும் அது நடந்திருக்கும்.

வெளியே வந்ததும் என் தோழி வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அது என் தாத்தாவின் கேள்வி. அதை எடுத்து அந்தக் குழந்தைகள் மேல் ஏன் எறிந்தாய்? வெர்ழேஸ் மாதிரிப் பேசினாய்.”

அவருடைய தாத்தா 1960இல் சில மாதம் மோன்லுக்கில் இருந்தவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். வெர்ழேஸ் யார் என்பது முன்பே தெரியும். அதனால்தான் அடி பலமாக விழுந்தது.

பார்பி கதைக்கு வருவோம். போர் முடிந்ததும் அவனைப் பிடித்துத் தண்டித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க ராணுவ உளவுத்துறை கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக வேலை செய்ய அவனைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டது. பிரான்ஸ் கேட்டபோது கொடுக்காமல், 1951இல் தென்னமெரிக்காவுக்குத் தப்ப வைத்தது. பொலிவியாவில் கிளாவ்ஸ் அல்ட்மன் என்ற பெயரில் முப்பது வருடம் வசதியாக வாழ்ந்தான். பெயாட்டே, செர்ஜ் கிளார்ஸ்ஃபெல்ட் தம்பதியர் அவனைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 1983 பிப்ரவரியில் பிரான்சுக்குக் கொண்டுவந்து முதலில் அடைத்த இடம் மோன்லுக். ஒரு வாரம். அப்போதைய நீதித்துறை அமைச்சர் ரொபேர் பதாந்தேர் வேண்டுமென்றே எடுத்த முடிவு அது. 1943 பிப்ரவரியில் லியோனில் பார்பியின் ஆட்கள் நடத்திய ஒரு சோதனையில் பிடிபட்டு, போலந்தில் சோபிபோர் முகாமில் கொல்லப்பட்டவர் பதாந்தேரின் அப்பா. பிரான்சில் மரண தண்டனையை 1981இல் ஒழித்ததும் இதே பதாந்தேர்தான். தன் அப்பாவைக் கொன்றவனுக்குத் தூக்கு கிடையாது என்று தானே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்கிறது.

1987 மே முதல் ஜூலை வரை லியோனில் விசாரணை. மானுடத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயரில் பிரான்சில் நடந்த முதல் வழக்கு. இஸியூ பற்றி பார்பி பாரிசுக்கு அனுப்பிய தந்தி முக்கியமான சாட்சியம். சபீன் ஸ்லாத்தின் எண்பது வயதில் வந்து சாட்சி சொன்னார். லேயா ஃபெல்ட்ப்ளூமும் வந்தார். பார்பியோ மூன்றாம் நாளே கோர்ட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். பெரும்பாலான சாட்சிகள் காலிக் கூண்டைப் பார்த்துத்தான் பேசினார்கள்.

பார்பியின் வக்கீல் ழாக் வெர்ழேஸ். சாதாரண ஆள் இல்லை. அல்ஜீரியப் போரின்போது மரண தண்டனை விதிக்கப்பட்ட ஜமீலா பூஹிரெத்துக்காக வாதாடிய காலனிய எதிர்ப்பாளர். கூடவே ஒரு காங்கோ வக்கீலையும் ஓர் அல்ஜீரிய வக்கீலையும் சேர்த்துக்கொண்டு நின்றார். அவர்களின் வாதம் இதுதான்: அல்ஜீரியாவில் சித்திரவதை செய்த பிரான்சுக்கு இந்த மனிதனை விசாரிக்க என்ன யோக்கியதை? உங்கள் ஜெனரல்களை எந்தக் கூண்டில் நிறுத்தினீர்கள்?

தோழர்களே, இந்த வாதத்தில் உள்ள தகவல்களில் பொய் குறைவு. அல்ஜீரியாவில் செய்த குற்றங்களுக்கு 1962இலும் 1968இலும் பொதுமன்னிப்பு கொடுத்து பிரான்ஸ் கோப்பை மூடிவிட்டது. யாரும் கூண்டில் ஏறவில்லை. ஆனால் அந்த உண்மை அன்றைக்கு யாருக்காக வேலை செய்தது? செத்தீஃபில் செத்தவர்களுக்கு அன்று ஒரு வழக்குகூடப் பதியவில்லை. முற்றத்தில் தலைபோன பதினொரு பேருக்கு ஒரு கல்லும் கிடைக்கவில்லை. நாலு வயதுப் பிள்ளையை லாரியில் ஏற்றியவனுக்குக் கேடயமாக அவர்கள் நின்றார்கள், அதுவும் அவர்களைக் கேட்காமலேயே. பார்பிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 1991இல் லியோனில் சிறைக்கைதியாகவே செத்தான். அல்ஜீரியக் கோப்பு மூடியபடியே இருந்தது.

இதே விஷயத்தை வேறு விதமாகச் சொன்னவர்களும் இருக்கிறார்கள். எமே செசேர் 1950இலேயே காலனியம் பற்றிய தன் உரையில், ஐரோப்பா காலனிகளில் பழகிய கொடுமைதான் ஹிட்லர் உருவத்தில் வீட்டுக்குத் திரும்பி வந்தது என்று எழுதிவிட்டார். வெர்ழேஸுக்கு முப்பத்தேழு வருடம் முன்பு. செசேர் எந்த நாஜியையும் விடுவிக்கக் கேட்கவில்லை. ஃபனானைப் பாருங்கள். பதின்ம வயதில் கரீபியத் தீவிலிருந்து கிளம்பி, நாஜிகளுக்கு எதிரான படையில் சேர்ந்து காயம்பட்டவர். மருத்துவம் படித்தது இதே லியோனில். அப்புறம் அல்ஜீரியாவுக்கு வேலைக்குப் போய், 1956இல் வேலையை விட்டு விடுதலை இயக்கத்தில் சேர்ந்தார். ஒரே ஆள், இரண்டு சண்டை. ஒன்றை வைத்து இன்னொன்றை அவர் அடிக்கவில்லை.

நான் எந்தப் பக்கம் நின்று கேட்டேன் என்பதுதான் என் தோழியின் கோபம். கேள்வியைக் கேட்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சிறையின் முற்றத்தில் பதினொரு பேரின் பெயரும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று அவரும் அவர் நண்பர்களும் வருடக்கணக்காகப் பேசிவருகிறார்கள். நான் அவர்களுக்காகக் கேட்டேனா? யோசித்துப் பார்த்தால், இல்லை. அந்த அறையில் நின்று அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். இந்த ஐரோப்பியர்களின் துக்கத்தில் எனக்கு என்ன வேலை, என் ஆட்களுக்கு யார் அழுதார்கள் என்று ஒரு பிடிவாதம். அல்ஜீரியர்களை எடுத்துக் குறுக்கே போட்டுக்கொண்டேன். அவர்களில் ஒருவரின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

இதை ஏன் இங்கே வந்து சொல்கிறேன் என்றால், இந்தப் பழக்கம் எனக்கு லியோனில் வந்ததில்லை, நம் கூட்டங்களில் வந்தது. ஒரு தோழர் ஓர் ஊரில் நடந்த படுகொலையைப் பற்றி இரங்கல் கூட்டம் போடுவார். நாம் பின்வரிசையில் இருந்து எழுந்து, ‘அப்போ அந்த ஊரைப் பற்றி ஏன் பேசவில்லை?’ என்று கேட்போம். பேசாதது உண்மையாகத்தான் இருக்கும். கைதட்டலும் கிடைக்கும். நானே பலமுறை வாங்கியிருக்கிறேன். கூட்டம் முடிந்து போகும்போது இரண்டு ஊரைப் பற்றியும் யாரும் பேசிக்கொண்டு போகமாட்டார்கள், என்னைப் பற்றிப் பேசுவார்கள். நம் மேல் இதே ஆயுதத்தை எறிபவர்களும் உண்டு. ஆணவக்கொலையைப் பேசினால் ‘பட்டியல் சாதிகளுக்குள்ளேயே நடக்கவில்லையா’ என்று தொடங்குவார்கள். அவர்களுக்கு உள்ளே நடப்பதைப் பற்றிக் கவலை இருந்தால் ஒரு நாளாவது அதற்காகத் தெருவுக்கு வந்திருப்பார்கள். அவர்களை நாம் உடனே அடையாளம் கண்டுபிடித்துவிடுகிறோம். நம் தொண்டையில் அதே குரல் வரும்போதுதான் தெரிவதில்லை.

அதற்காக மோன்லுக்கின் கணக்கு சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. எந்த வருடத்தில் காலண்டரை மூடுவது என்பது அரசு எடுத்த முடிவு. தான் பலியாக இருந்த வருடங்களைத் திறந்து வைத்து, தான் கொன்ற வருடங்களை முற்றத்தில் நின்று பேசும் பேச்சாக விட்டிருக்கிறது. வழிகாட்டி நல்லவராக இருந்தால் கேட்கலாம், அவசரக்காரராக இருந்தால் கேட்க முடியாது. இதை எதிர்த்துப் பேசத்தான் வேண்டும். இஸியூவின் 44 பெயர்களையும் முழுசாகக் கேட்டு முடித்துவிட்டுப் பேசியிருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நிதானமாகப் படித்தால் மூன்று நிமிடம். நான் அந்த மூன்று நிமிடம் பொறுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் தோழியின் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவர் பாட்டிக்கு எண்பத்தைந்து வயதுக்கு மேல். தாத்தா இறந்து பல வருடம் ஆகிவிட்டது. தாத்தா உள்ளே இருந்த மாதங்களில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை துவைத்த துணி எடுத்துப் போனவர் அவர்தான். அதே நகரத்தில் அறுபது வருடத்துக்கு மேல் வாழ்ந்தும், நினைவகமான பிறகு ஒருமுறைகூட உள்ளே போனதில்லை. நாங்கள் எங்கே போய்வருகிறோம் என்று பேத்தி சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் கேட்ட கேள்வியைப் பற்றிப் பேத்தி எதுவும் சொல்லவில்லை. குழந்தைகளைப் பற்றி மட்டும் சொன்னார். “எத்தனை பேர்?” என்று பாட்டி கேட்டார். சொன்னோம். “ராத்திரி அவர்களுக்குச் சாப்பிட ஏதாவது கொடுத்தார்களா?” என்று கேட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் பதில் தெரியவில்லை. அப்புறம், துணி வாங்கிக்கொள்ளும் அந்தச் சின்னக் கதவு இன்னும் அதே பக்கம்தான் இருக்கிறதா என்று கேட்டார்.